ஐடா ஸ்கடர் அம்மையார்

பழனி மலைத் தொடரின் மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் கோடைக்கானல் அமைந்துள்ளது. இக்காலத்தில் சமவெளியிலிருந்து உந்து வண்டியில் ஏறுவோர் சில மணி நேரத்தில் ஏரிக்கரையை அடைந்துவிடுகின்றனர். முற்காலத்தில் அப்பயணம் அத்துணை எளிதன்று. அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் குலுங்கிச் சென்று, மலையடியிலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைதல் வேண்டும். அங்கிருந்து நடந்தோ, குதிரை மீதமர்ந்தோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியில் இருந்தோ ஒற்றையடிப் பாதையில் மேலேறுவர். காட்டாறுகளும் சோலைகளும் கடந்தபின் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கும். மதுரைப் பகுதியில் பணிபுரிந்த அமெரிக்கச் சமயத் தொண்டர்கள், காலராவும் முறைக்காய்ச்சலும் தங்கள் குடும்பங்களை வாட்டியபோது, 1845 ஆம் ஆண்டில் இம்மலை மேல் முதன்முதலாக வீடுகள் அமைத்தனர். 1863 இல் வெரி லெவிஞ்சு என்னும் ஆங்கில அலுவலர் ஓடையைத் தடுத்து ஏரியை உருவாக்கினார். பின்னர், வெயிற்காலத்தில் தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சமயத் தொண்டர்கள் இங்குக் கூடுவது வழக்கமாயிற்று.

1950 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இவ்வூரின் மேட்டிலமைந்த ஓர் இல்லத்தில் வெண்ணிறக் கூந்தலையுடைய மூதாட்டியார் ஒருவர் வாழ்ந்துவந்தார். அவ்வில்லத்தின் பெயர் ஹில் டாப் என்பது. தோட்டத்து மலர்ச் செடிகளைப் பேணுவதில் அவர் பெருவிருப்பம் உடையவர். நாள்தோறும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இன்றி, டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதப்பெற்ற கடிதமும் தவறாது அவரை வந்தடைந்தது என்பர். இத்தனை பெரிய நாட்டில் அஞ்சற்காரர் யாவரும் அறிந்திருந்த அம்மூதாட்டியாரே ஐடா சோபியா ஸ்கடர் என்னும் மருத்துவ அம்மையார் ஆவார்.

ஸ்கடர் குடும்பத்திற்கும் தமிழ் மக்களுக்கும் இருந்த தொடர்பு மிகப் பழைமையானது. ஐடாவின் பாட்டனாராகிய டாக்டர் ஜான் ஸ்கடர், நியூயார்க்கு நகரில் நல்ல வருவாயுடன் மருத்துவம் செய்துகொண்டிருந்தவர். அதனை விடுத்து 1819 இல் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி மக்களுக்கு மருத்துவம் செய்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவரும் சமயத் தொண்டையே மேற்கொண்டனர். அவர்களுள் ஒருவர் ஐடாவின் தந்தையார். அவரும் மருத்துவரே. அவர் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பணிபுரிந்தபோது, 1870 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். தமையன்மார் பலருக்கிடையே அவர் ஒருவரே பெண்.

ஐடாவின் குழந்தைப் பருவத்திலேதான் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வருத்தியது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்தது. ஏரி குளங்கள் வறண்டன. இலக்கக்கணக்கான மக்கள் மடிந்தனர். பசியால் நலிந்து, கையில் கொடுத்த உணவை வாய்க்குக் கொண்டுசெல்லவும் வலிமையற்றுக் கிடந்த சிறுவர்களுக்குச் சிறுமி ஐடா ரொட்டித் துண்டுகளைப் பிட்டு ஊட்டினார். அக்காட்சி அவருள்ளத்தில் அருளை விளைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது முதலில் அச்சத்தையே விளைத்தது. இந்தியா என்றாலே துயரம் நிறைந்த நாடு என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றிற்று. குடும்பம் அமெரிக்கா சென்றபின், பெற்றோர் மட்டும் மீண்டும் இந்தியாவிற்குத் திரும்பினர்; ஐடா உறவினரிடம் விடப்பட்டார். தாயைப் பிரிந்த அத்துன்பமும் முன்னைய வெறுப்புடன் சேர்ந்துகொண்டது. மாசசூசெட்சு மாநிலத்து நார்த்பீல்டு என்னுமிடத்திலிருந்த பெண்கள் பள்ளியில் கல்வி பயின்ற காலத்தில், எவ்வாறாயினும் அமெரிக்காவிலேயே இனிதாக வாழ்வதென்று அவர் உறுதிகொண்டிருந்தார். குடும்பத்தார் அனைவரும் சென்ற வழியில் தாமும் செல்வதில்லை என்பது அவர் முடிவு.

1890 இல் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கருதி ஐடா இந்தியாவிற்கு வந்தார். தந்தையார் அப்பொழுது திண்டிவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கு ஓர் இரவில் நிகழ்ந்தது ஐடாவின் வாழ்க்கையை முற்றிலும் மாற்றிவிட்டது.

விளக்கொளியில் ஐடா அமர்ந்திருந்தபோது வாயிலில் அரவம் கேட்டது. அந்தணர் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. ஐடா தம் தந்தையாரை அழைத்துவருவதாகக் கூறினார். வந்தவர் அதற்கு உடன்படவில்லை. அயல் ஆடவர் தம் மனைவியின் அறைக்குள் நுழைவதை அவர் குலவழக்கம் ஒப்பவில்லை. பெண்ணாகிய ஐடாவே வரவேண்டும் என்று வேண்டினார். மருத்துவம் கல்லாத தம்மால் யாதொரு பயனும் இல்லை என்று ஐடா தெரிவித்ததும், அவர் தலை கவிழ்ந்து திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கும் அதே நிலை. அவரும் ஆண் மருத்துவரை ஏற்கவில்லை. மூன்றாவதாக உயர்குல இந்து ஒருவர் வந்து, அதே வேண்டுகோளைக் கூறி, அதே மறுமொழியைப் பெற்று இருளில் மறைந்தார்.

அன்றிரவு ஐடா கண்ணுறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும் ஊருக்குள்ளிருந்து சாப்பறை முழங்கிற்று. பணியாளை அனுப்பி வினவியபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று தெரிந்தது.

அம்மூன்று ஆடவரையும் கொடியவர் என்று கூறுதல் பொருந்தாது. மனைவியர்பால் அன்பில்லாதவராயின் நள்ளிரவில் அயல்நாட்டார் வீட்டின் கதவைத் தட்டியிருக்கமாட்டார்கள். அன்பு ஒருபுறமும் வழக்கம் மறுபுறமும் இழுக்க, இடையில் நின்று தவித்தவர்கள் அவர்கள். அவ்வழக்கத்தை ஓர் இரவில் மாற்றிவிட முடியாது என்பதை ஐடா உணர்ந்தார். ஆனால் அவ்வழக்கத்திற்கு உட்பட்டே உயிரைக் காக்க ஒரு வழி இருந்தது. பெண்களுக்குப் பெண்ணே மருத்துவராதல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 முதற்கொண்டே பெண்கள் சிலர் பயின்றனர். சென்னையில் கோஷாப் பெண்களுக்கென 1885 இல் ஒரு மருத்துவமனையும் தொடங்கப்பெற்றது. ஆயினும் திண்டிவனம் போன்ற ஊர்களுக்கு அந்நலன்கள் எட்டவில்லை. காலையில் ஐடா தம் பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவிற்குத் திரும்பி மருத்துவம் பயிலப் போவதாகவும், பின்னர் இந்தியப் பெண்களுக்குப் பணிபுரிய மீண்டும் வரப்போவதாகவும் அறிவித்தார்.

1895 இல் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். கார்னெல் பல்கலைக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி நியூயார்க்கு நகரில் தொடங்கிப் பெண்களையும் ஏற்றுக்கொண்டபோது, அங்கு மாறிச் சென்று 1899 இல் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, மருத்துவமனை ஏது? வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமைக்க 8000 டாலர் திரட்டிக்கொண்டு செல்லுமாறு சமயச் சங்கத்தார் ஐடாவைப் பணித்தனர். பயணத்திற்குச் சில நாள்களே எஞ்சியிருந்தன. வீடு வீடாகச் சென்று கேட்டும் சிறு தொகைகளே சேர்ந்தன. ஒரு நாள் டேபர் என்னும் அம்மையார் ஒருவர் இல்லத்தில், திண்டிவனத்து நிகழ்ச்சியையும் தமிழ்நாட்டுப் பெண்களின் நிலையையும் ஐடா உள்ளமுருக எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் அவ்வம்மையாரின் உறவினராகிய ஷெல் என்னும் வங்கியாளர் அமர்ந்திருந்தார். முதியவர், மனைவியை இழந்தவர். ஐடா அறியாமலே அவ்வுரை முழுவதையும் அவர் செவிமடுத்தார். மறுநாள் ஐடாவை அழைத்துச் சில வினாக்கள் வினவியபின், தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். எட்டாயிரம் கேட்டுத் திரிந்தவருக்குப் பதினாயிரம் கிட்டியது. அறம் செய்வாரின் மனம் எங்கிருந்து எப்பொழுது இளகும் என்று எவரே அறிவர்!

1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்துசேர்ந்தார். உடன் பயின்ற தோழியார் ஆன்னி ஹான்காக்கு என்பவரும் வந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் இருந்து பழகலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. சில திங்களிலேயே தந்தையார் புற்றுநோயால் காலமானார். ஐடா தனித்து நின்றார். வேலூரில் தாம் தங்கியிருந்த வீட்டின் ஒரு சிறு அறையே முதல் மருந்தகமாயிற்று. அதன் அளவு 10 அடிக்கு 12 அடி. பெண்கள் முதலில் வர அஞ்சினர். இளம் பெண் ஒருத்தி, அதுவும் வெள்ளைக்காரி, மருத்துவம் செய்வாளா என்ற ஐயம் ஊராரிடம் இருந்தது. நோய் முற்றிய பின்னரே சிலர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் இறந்தவர் பற்றிய செய்தி விரைந்து பரவியது. பிழைத்தவர் பற்றிய செய்தி மெல்ல நடந்து சென்றது. எனினும் அது நிற்கவில்லை. சமையற்காரரின் மனைவியாகிய சலோமி என்பவர் ஐடாவிடம் பயின்று அவருக்கு உதவியாளரானார். உள்ளூர்ப் பெண் ஒருத்தி அருகில் நிற்பதைக் கண்ட பிற பெண்களுக்கு அச்சம் தணிந்தது. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5000 பேர் அச்சிற்றறையில் மருத்துவம் பெற்றனர்.

ஆன்னி ஹான்காக்கு அம்மையார் செய்த பணி வேறு வகையானது. அவர் மருத்துவர் அல்லர். வீட்டை விட்டு வெளியே வராத பெண்களை அவர் நாடிச் சென்றார். அவர்களுடன் அமர்ந்து உரையாடினார். இளமையிலேயே கைம்மை எய்தியோர், பெற்ற மகவைப் பறிகொடுத்தோர், உடல் நலிவோடு உள்ளமும் நலிந்தோர் எனப் பலர் அக்காலத்து வீடுகளின் உள்ளறைகளில் வாழ்ந்தனர். உள்ளத்து நோயைப் பேயின் செயல் என்று கொள்வதே அன்றைய வழக்கமாய் இருந்தது. அத்தகைய பெண்களுக்குப் பேச்சுத் துணையே மருந்தாக அமைவதுண்டு. அதனை எந்தக் கணக்கேட்டிலும் எழுதுதல் இயலாது. ஆனால் வேலூரில் அயலாராக இருந்த இவ்விருவரையும் தம்மவராக ஊரார் கொண்டதற்கு அவ்வீட்டுத் திண்ணைகளும் கூடங்களுமே பெருங்காரணமாயின.

1902 இல் ஷெல் அவர்கள் மனைவியின் பெயரால் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பெற்றது. நோயாளிகள் பெருகினர். மருத்துவரோ ஒருவரே. கொள்ளை நோயும் காலராவும் பரவிய நாள்களில் ஐடா இரவு பகல் பாராது உழைத்தார். வேலூருக்கு வர இயலாத சிற்றூர் மக்களை நாடி, வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியில் சென்றார். குறித்த இடங்களில், மர நிழல்களில், நோயாளிகள் காத்திருப்பர். வண்டியின் பின்புறமே மருந்தகம், சாலையோரமே மருத்துவமனை. பின்னர் மாட்டு வண்டிக்கு மாறாக பியூஜோ என்னும் சிறிய பிரெஞ்சு உந்து வண்டி வந்தது. மாடும் குதிரையும் இன்றித் தானே புகை கக்கி ஓடிவந்த அதனைக் கண்டு மக்கள் சிதறி ஓடினர். அதன் பேரொலி அடங்கி, உள்ளிருந்து அம்மையார் இறங்கிய பின்னரே மரங்களின் மறைவிலிருந்து வெளிப்பட்டனர்.

எத்துணை உழைத்தாலும் ஒருவரால் எத்தனை பேரைக் காக்க முடியும்? ஐடா இல்லாத ஊர்களில் திண்டிவனத்து இரவு நாள்தோறும் நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது. எனவே இந்நாட்டுப் பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்குதல் வேண்டும் என்று அவர் துணிந்தார். 1909 இல் செவிலியர் பள்ளி தோன்றியது. பெண்கள் மருத்துவப் பள்ளிக்கோ பெரும்பொருள் வேண்டியிருந்தது. ஒரு சபையாரால் அதனைத் தாங்க இயலாது. பல நாடுகளின் பல சபைகளும் ஒன்றுபடல் வேண்டும். சமவெளியில் அவர்கள் ஆளுக்கொரு மாவட்டத்தில் பிரிந்து கிடந்தனர். வெயிற்காலத்தில் கோடைமலையிலோ ஒரே ஏரிக்கரையில் உலாவினர். ஒரே களத்தில் பந்தாடினர். கொள்கை வேறுபாடுகள் மலைக்குளிரில் சற்றே தளர்ந்தன எனலாம். இத்தகைய பழக்கம் பின்னர்ப் பல சபைகளும் கூடி நடத்தும் நிறுவனம் ஒன்று அமைவதற்குத் துணைபுரிந்தது.

அரசினரிடம் இசைவு பெறச் சென்றபோது, மாகாண மருத்துவத் தலைவர் பெண்கள் மூவராவது விண்ணப்பித்தால் பெரிது என்று ஐயுற்றார். விண்ணப்பித்தவர்களோ 151 பேர்! இடமின்மையால் பெரும்பாலோரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. 1918 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 12 ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு முன்னிலையில் பள்ளி தொடங்கிற்று. தனிக் கட்டிடம் இல்லை. போதிய ஆசிரியர் இல்லை. உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார். முதற் பொதுத் தேர்வில் ஆடவர் ஐவருள் ஒருவரே தேறினர் என்ற செய்தி வந்தபோது, வேலூர் மாணவியர் மனங்கலங்கினர். ஆனால் தேர்வெழுதிய 14 பேரும் தேறினர். அம்முதல் வகுப்பினர் 1922 இல் மருத்துவராய் வெளிவந்தனர்.

இப்பள்ளிக்கு நிலையான கட்டிடங்கள் அமைந்த வரலாறு, பொதுமக்கள் துணை எவ்வாறு திரட்டப்படுகிறது என்பதற்கு நல்ல சான்றாகும். அமெரிக்காவில் லூசி பீபாடி என்னும் அம்மையார் ஐடாவிற்கு உற்ற தோழியாய் இருந்தார். இந்தியா, சீனா, யப்பான் ஆகிய நாடுகளிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காகப் பொருள் திரட்டும் இயக்கத்தை அவர் நடத்தினார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் இலக்குமணபுரியிலுள்ள இசபெல்லா தோபர்ன் கல்லூரியும் வேலூர்ப் பள்ளியும் அவ்வேழனுள் அடங்கும். ராக்பெல்லர் குடும்பத்து அறநிலையத்தார், பெண்கள் 20 இலட்சம் டாலர் திரட்டினால் தாங்கள் 10 இலட்சம் டாலர் தருவதாக வாக்களித்தனர். குறித்த காலத்திற்குள் திரட்டவேண்டும். தவறினால் அப்பொருளும் இல்லை. ஐடா ஊர் ஊராகச் சென்று பேசினார். செல்வர் தந்த பெருந்தொகையோடு எளிய பெண்கள் தந்த சிறு காசுகளும் சேர்ந்தன. தாம் ஒருநாளும் காணப்போகாத வேலூர்ப் பெண்களின் பொருட்டு, முன்பின் அறியாத அமெரிக்கப் பெண்கள் மாதர் சங்கங்களில் கூடி நிதி சேர்த்தனர். குறித்த தொகை நிறைவெய்தியது. வேலூர் நகருக்குள் புதிய மருத்துவமனை எழுந்தது. 1928 இல் பாகாயத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் பள்ளிக்குக் கால்கோள் செய்யப்பெற்றது. அவ்வாண்டில் காந்தியடிகளும் இப்பள்ளிக்கு வருகை புரிந்தார்.

கெர்ட்ரூடு டாட் என்னும் நியூயார்க்கு அம்மையாரையும் இவ்விடத்துக் குறிப்பிடுதல் தகும். பெருஞ்செல்வக் குடியிற் பிறந்த அவர், ஊதியம் பெறாது வேலூரில் கணக்குகளைக் கவனித்தும், தம் பொருளை மாணவியர்க்கும் கட்டிடங்கட்கும் வழங்கியும் ஐடாவுடன் வாழ்ந்தார். கோடைக்கானல் ஹில் டாப் இல்லம் இவ்விருவருக்கும் உரிய இளைப்பாறுமிடமாய் அமைந்தது. அங்கு ஐடா வேறொருவராக மாறிவிடுவார். மலைப்பாதைகளில் விரைந்து நடப்பார். டென்னிசு ஆட்டத்தில் தளராது ஈடுபடுவார். ஒருமுறை கோடைக்கானல் போட்டியில் அவரை எதிர்த்தாட வேண்டிய இளம்பெண் ஒருத்தி, பாட்டி ஒருத்தியுடன் ஆட நேர்ந்ததே என்று சலித்துக்கொண்டாளாம். அச்சொல் ஐடாவின் செவிக்கு எட்டிவிட்டது. அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. இளம்பெண்ணுக்கு ஓர் ஆட்டத்தையும் விட்டுக்கொடாது முதியவர் வென்றார். அருளாளர்க்கும் சிறிது வீம்பு இருத்தல் கூடும் போலும்!

1938 ஆம் ஆண்டு பேரிடராக வந்தது. மருத்துவப் பள்ளிகள் யாவும் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளாக உயர்தல் வேண்டும். இன்றேல் மாணவரைச் சேர்த்தல் கூடாது என்று சென்னை மாகாண அரசு விதித்தது. நாட்டில் மருத்துவக் கல்வியின் தரம் உயரவேண்டும் என்ற அவ்விதியின் நோக்கம் குறைகூறத் தக்கதன்று. வேலூருக்கோ அது தூக்குக் கயிறாயிற்று. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர் பலர் வேண்டும். படுக்கைகள் பெருக வேண்டும். ஆய்வுக் கூடங்கள் வேண்டும். ஐடாவின் வயதோ அறுபத்தேழைக் கடந்திருந்தது. ஓய்ந்திருக்க வேண்டிய பருவத்தில் 1941 இல் மீண்டும் அமெரிக்கா சென்றார். போர்க்காலம், மக்கள் உள்ளம் போரிலேயே ஈடுபட்டிருந்தது. அந்நிலையிலும் நகர் நகராகச் சுற்றிப் பேசினார். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் திரண்டது. 1942 இலேயே சென்னைப் பல்கலைக் கழகம் வேலூரில் எம்.பி., பி.எஸ். வகுப்புத் தொடங்க இசைந்தது.

பொருளினும் அரிதாயிருந்தது ஒரு முடிவு. ஆடவரையும் மாணவராகச் சேர்த்தால் ஆடவர் சபைகளின் பொருளும் துணையும் கிட்டும், கல்லூரி பிழைக்கும். ஆனால் இத்தனை ஆண்டுகளும் பொருள் தந்தவர்கள் பெண்களுக்கென நடைபெறும் கல்லூரி என்று நம்பியே தந்தனர். அவர்களுள் பலர் இம்மாற்றத்தை நம்பிக்கைக் கேடாகவே கருதினர். லூசி பீபாடி அம்மையார் இறுதிவரை இதற்கு உடன்படவில்லை. நெடுநாள் நட்பு முறிவுற்றது. இருவரில் எவர்பால் நியாயம் இருந்தது என்று எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. பெண்களின் உரிமைக்கெனப் போராடிப் பெற்ற இடத்தைப் பகிர்ந்துகொடுத்தால் நாளடைவில் அது கைநழுவிப் போகும் என்பது பீபாடி அம்மையாரின் கவலை. மூடப்பட்ட கல்லூரியால் எந்தப் பெண்ணுக்கு நன்மை என்பது ஐடாவின் முன் நின்ற கேள்வி. நெடிது தயங்கிய பின்னர் ஐடா மாற்றத்தை ஏற்றார். 1946 இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1947 இல் ஆண் மாணவர் முதன்முதலாகக் கல்லூரியில் சேர்ந்தனர். சில ஆண்டுகட்குள் ஹில்டா லாசரசு என்னும் இந்திய அம்மையார் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்குதல் வேண்டும் என்ற நோக்கத்துடன் தொடங்கிய நிறுவனத்தை, இந்நாட்டுப் பெண்மணி ஒருவரே நடத்தும் நாளையும் ஐடா கண்டார்.

ஓய்வுக் காலத்தை ஐடா பெரும்பாலும் கோடைமலையிற் கழித்தார். அக்காலத்தில் வேலூரிலிருந்து வந்த செய்திகளுள் ஒன்று தனிச் சிறப்புடையது. மனநோய்க்கு அந்நாளில் தக்க மருத்துவம் கிடைப்பது அரிது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்குக் கொண்டுசேர்க்கப்பட்டோரை உறவினர் மறந்துவிடுவதும் உண்டு. பெண்களாயின் மீண்டும் வீட்டிற் புகுவது மிக அரிது. கானடா நாட்டிலிருந்து வந்த டாக்டர் பிளாரன்சு நிக்கல்சு என்னும் அம்மையார், 1950 ஆம் ஆண்டுகளில் பாகாயத்தில் மனநல மருத்துவ நிலையத்திற்கு அடிகோலினார். நோயாளியைத் தனியே அடைத்துவைக்கும் முறை அங்கில்லை. தாயோ, கணவரோ, உடன்பிறந்தாரோ ஒருவர் நோயாளியுடன் வந்து தங்குவர். அவரே உணவு சமைப்பார், உடனிருந்து பேணுவார், நோயின் இயல்பையும் மருந்தின் முறையையும் மருத்துவரிடம் கேட்டறிவார். வீடு திரும்பும்போது நோயாளிக்கு ஊரில் ஒரு துணை ஆயத்தமாகியிருக்கும். பேய் பிடித்தவள் என்று ஒதுக்கப்பட்டவளை நோயிலிருந்து மீண்டவள் என்று அண்டை அயலார்க்கு எடுத்துக்கூற ஒருவர் இருப்பார். திண்டிவனத்தில் மூன்று குடும்பங்கள் தம் வாயிலை மருத்துவர்க்குத் திறக்க இயலாது நின்றன. அறுபதாண்டுகட்குப் பின்னர், மருத்துவமனையே தன் வாயிலைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டது.

ஹில் டாப் இல்லத்தில் அம்மையாரைக் காணப் பழைய மாணவியர் வருவர். அவர்களுள் பலர் தாமே முதுமை எய்திய மருத்துவர். இந்தியாவின் பல மூலைகளிலும் தாய்சேய் மருத்துவமனைகளை நடத்தியவர். அம்மையார் அவர்களைத் தோட்டத்தில் அழைத்துச்சென்று புதிதாய்ப் பூத்த மலர்களைக் காட்டுவார். எண்பதாம் வயதிலும் பந்தாடும் மட்டையை அவர் முற்றிலும் கைவிடவில்லை.

1960 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் ஐடா ஸ்கடர் அம்மையார் கோடைக்கானலில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 89. கோடைமலையில் கூட்டம் மிகுந்திருக்கும் பருவம் அது. ஆயினும் அவருடைய உடல் அம்மலையில் வைக்கப்படவில்லை. மலைச்சாலை வழியே இறக்கி வேலூருக்கே கொண்டுசென்றனர். அறுபதாண்டுகட்கு முன் ஐடா வந்தபோது ஐயுற்ற அந்நகரம், தெருவோரங்களில் திரண்டு நின்று அவருக்கு வழிவிட்டது.